கைலாசநாதர் "தீம்" படங்கள்: எதை எடுத்துக்கொள்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம்

இந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாலை வெயில். பின்னால் மங்கலாக ஒரு விமானம். முன்னால் அரக்கு நிறப் பட்டுப்புடவை, இடுப்பில் ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, ஜடை முழுக்க மல்லிகை. அந்தப் பெண் கேமராவைப் பார்க்க மாட்டார், தூரத்தில் எதையோ பார்ப்பார். கீழே "பல்லவர் கலையால் ஈர்க்கப்பட்டு" என்று ஒரு வரி. அதற்கும் கீழே ஒரு பெரிய நன்றிப் பட்டியல்.

போன வருஷம் முழுக்க இந்த மாதிரிப் படங்கள் கண்ணில் படும்போதெல்லாம் சேமித்து வைத்தேன். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலிலேயே எடுத்தவை சில, அதன் சாயலில் செட் போட்டு எடுத்தவை சில. எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்தப் புகைப்படக்காரரையும் கடையையும் பெயர் சொல்லப் போவதில்லை. குறை ஒருவருடையது இல்லை, ஒரு பழக்கத்தினுடையது.

முதலில், ஸ்டைல்டு ஷூட் என்றால் என்ன

கல்யாண போட்டோ உலகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சுருக்கமாக. நிஜக் கல்யாணம் எதுவும் நடக்காது. ஒரு "கான்செப்ட்" முடிவு செய்வார்கள். புகைப்படக்காரர், மேக்கப் கலைஞர், பூ அலங்காரம், நகைக்கடை, புடவைக்கடை, மாடல், பத்திரிகை வடிவமைப்பவர் எல்லாரும் ஒரு நாள் கூடுவார்கள். பல சமயம் யாரும் யாருக்கும் பணம் தருவதில்லை. நகைக்கடை நகையைத் தரும், மேக்கப் கலைஞர் நேரத்தைத் தருவார். பதிலுக்கு எல்லாருக்கும் படங்கள் கிடைக்கும், பெயர் கிடைக்கும்.

அதாவது இந்த வேலையில் புழங்கும் காசு, பெயர்தான். பட்டியலில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கூலி வாங்கியவர்கள். இல்லாதவர்களுக்குக் கூலி இல்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் கோயில் உண்மையில் எப்படி இருக்கிறது

கைலாசநாதர் கோயில் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தை ஒட்டி, ஊரின் மேற்கில் இருக்கிறது. பல்லவ மன்னன் இராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் மீது சுதை பூசி வண்ணம் தீட்டியிருந்தார்கள். அதில் மிச்சம் இருக்கும் ஓவியத் துணுக்குகளை 1931-இல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னார்.

உள்ளே போனவர்களுக்குத் தெரியும், அது நெருக்கமான இடம். விமானத்தைச் சுற்றி ஒரு சுவர், சுவர் முழுக்க உட்பக்கம் பார்த்தபடி 58 சிற்றாலயங்கள். ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் அளவு. விமானத்துக்கும் அந்த வரிசைக்கும் இடையில் அதிக இடம் கிடையாது. கழுத்தை நிமிர்த்திப் பார்த்தால்தான் மேல் தளங்கள் தெரியும். பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கங்கள் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக வரும். கருவறையைச் சுற்றும் பாதையோ இன்னும் குறுகல். தவழ்ந்துதான் நுழைய வேண்டும், தவழ்ந்துதான் வெளியே வர வேண்டும்.

இப்போது அந்தப் படங்களுக்கு வருவோம். முக்கால்வாசிப் படங்கள் வெளியே புல்வெளியில் நின்று எடுத்தவை. ஏன் என்று புரிகிறது. அங்கேதான் பின்னால் தள்ளி நிற்க இடம் இருக்கிறது, முழு விமானமும் ஃபிரேமுக்குள் வருகிறது. ஆனால் அப்படி எடுத்ததும் இந்தக் கோயில் எந்தக் கோயிலாகவும் ஆகிவிடுகிறது. பெண்ணின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்கோணம், அவ்வளவுதான். இக்கோயிலுக்கே உரிய நெருக்கம், வரிசை, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும் பிடிவாதம் எதுவும் படத்தில் இல்லை.

செட் போட்டவர்கள் இன்னொரு படி மேலே. "பல்லவ தீம்" என்று சொல்லிவிட்டு அட்டையில் உயரமான ராஜகோபுரம் வெட்டி வைத்திருக்கிறார்கள். வானளாவும் ராஜகோபுரத்தைக் காஞ்சியில் பார்க்க வேண்டும் என்றால் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போக வேண்டும். அது கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பியது. இராஜசிம்மனுக்கும் அதற்கும் நடுவில் சுமார் எண்ணூறு ஆண்டு. கைலாசநாதரில் உயர்ந்து நிற்பது நுழைவாயில் இல்லை, கருவறைக்கு மேலே உள்ள விமானம். "கோயில்னா கோபுரம்" என்ற பழக்கத்தில் செய்தது, வேறொன்றுமில்லை. அதற்கு எதற்குப் பல்லவர் பெயர்?

வண்ணத்திலும் இதே அசட்டை. மணற்கல் பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறம். மாலை வெயிலில் அது இன்னும் பொன்னாகும். அதன்முன் மாம்பழ மஞ்சள் புடவை, தங்கச் சரிகை, தங்க நகை. எடிட்டிங்கில் இன்னும் கொஞ்சம் ஆரஞ்சு. கடைசியில் கல்லும் சரிகையும் தோலும் ஒரே குழம்பு நிறம். சரிகை தெரிய வேண்டும் என்றால் பக்கவாட்டு வெளிச்சமும் அடர்ந்த நிறமும் வேண்டும். மயில்கழுத்து, கிளிப்பச்சை, கத்தரிப்பூ நிறங்கள் அந்தக் கல்லின் முன் எவ்வளவு அழகாக நிற்கும் என்று சும்மா ஒரு மத்தியான நேரத்தில் அங்கே வரும் குடும்பங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

"பல்லவ ராணி" கட்டிய புடவை

பல படங்களில் மாடலை "பல்லவ ராணி" என்கிறார்கள். உடுத்தியிருப்பது ரவிக்கையோடு ஆறு கஜம், கொசுவம் வைத்து, முந்தானை தோளில். பல்லவச் சிற்பங்களில் பெண்கள் அப்படி உடுத்துவதில்லை. துணி இடுப்போடு நிற்கும். மேலே பெரும்பாலும் நகைதான், சில இடங்களில் மார்க்கச்சை. இராஜசிம்மன் காலத்து இன்னொரு கோயிலான பனைமலையில் மிஞ்சியிருக்கும் பார்வதி ஓவியத்தையும் பார்க்கலாம். குடையின் கீழ், ஒரு காலை மடித்து, சாய்ந்து நிற்கிறாள். அந்த நிற்கும் விதம் இன்றைய எந்த மாடலுக்கும் பாடமாக வைக்கலாம்.

அதே உடையைப் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இன்றைய புடவை இன்றைய புடவையாகவே இருக்கட்டும். அதுவே போதுமான அளவு பெரிய கலை. அதற்கு எதற்குப் பொய்யாக 1300 வருஷ வயது? நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, சரிகைக்குச் சூரத் பெயர்போனது. காஞ்சிபுரத்துக்குச் சொந்தமானது நெய்யும் விதம். அதைச் சொல்லாமல் ராணியைச் சொல்வது, இருக்கிற பெருமையை விட்டுவிட்டு இல்லாத பெருமையைத் தேடுவது.

வெளியூர்ப் பாடங்கள் இரண்டு

பழைய கட்டடத்தின் முன் ஃபேஷன் படம் எடுப்பது புதுசு இல்லை. 1956-இல் பிரிட்டிஷ் 'வோக்' இதழுக்காக நார்மன் பார்க்கின்சன் இந்தியா வந்து எடுத்த படங்கள் இன்றும் புகழோடு இருக்கின்றன. ஜெய்ப்பூரில் ஆன் கன்னிங் என்ற மாடல் இளஞ்சிவப்புக் கோட்டில், அலங்கரித்த யானைக்குப் பக்கத்தில் நிற்பார். நிறத்துக்காக அந்தப் படம் பாடப்புத்தகம் மாதிரி. ஆனால் அதில் மாடலுக்குப் பெயர் இருக்கிறது, புகைப்படக்காரருக்குப் பெயர் இருக்கிறது. யானைப்பாகன் யானையோடு சேர்ந்து பின்னணி ஆகிவிட்டார். ஊரே பின்னணி. வெளியிலிருந்து வந்தவர் பார்வை அது என்று ஒதுக்கிவிடலாம். நம் ஊர் ஆட்கள் நம் ஊரில் எடுக்கும் படத்திலும் அதே பார்வை இருந்தால் என்ன சொல்வது?

இன்னொன்று நம்ம சென்னை. 2020-இல் சுஹாசினியின் 'நாம்' அமைப்புக்காக ஜி. வெங்கட்ராம் எடுத்த காலண்டர். ரவிவர்மா ஓவியங்களை நடிகைகளை வைத்து அப்படியே மறுபடி உருவாக்கினார்கள். எனக்கு அது முழுக்கப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். பிரதி எடுப்பதும் ஈர்க்கப்படுவதும் வேறு வேறு. ஆனால் அந்தக் குழு ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தது: மூலத்தை உட்கார்ந்து பார்த்தது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து, கை எங்கே, கண் எங்கே என்று கவனித்தது. கைலாசநாதர் படங்களில் நான் தேடிக் கிடைக்காதது அந்தக் கவனம்தான்.

இக்கோயிலால் ஈர்க்கப்பட்ட மிகப் பழைய வேலை

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு பழைய கதை உதவியது. கைலாசநாதரைப் பார்த்து, அதனால் ஈர்க்கப்பட்டு வேலை செய்தவர்களில் நமக்கு நன்றாகத் தெரிந்த முந்தைய ஆட்கள் சாளுக்கியர்கள்.

இரண்டாம் விக்கிரமாதித்தன் பல்லவர்களை வென்று காஞ்சிக்குள் வந்தான். இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்தான். எடுத்துக்கொள்ளவில்லை, கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். இதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு இக்கோயிலின் தூண் ஒன்றிலேயே இருக்கிறது. பிறகு அவன் ராணி லோகமகாதேவி, அந்த வெற்றியின் நினைவாகப் பட்டதகல்லில் ஒரு கோயில் எடுத்தாள். இன்று விருபாட்சர் கோயில் என்கிறோம். கைலாசநாதரின் சாயல் அதில் தெளிவாகத் தெரியும். சுற்றுச்சுவரை ஒட்டிய சிற்றாலயங்கள், தளம் தளமாக ஏறும் தென்னாட்டு விமானம். ஆனால் பிரதி இல்லை. விமானத்தின் முகப்பில் சாளுக்கியருக்கே உரிய சுகநாசி முன்னால் நீண்டு நிற்கிறது. மண்டபம் பெரிதாகி, பலகணிகள் வழியாக வெளிச்சம் உள்ளே வருகிறது. தூண்களில் இராமாயணக் காட்சிகள். அமைப்பை எடுத்துக்கொண்டு, தங்கள் ஊர் மொழியில் பேசியிருக்கிறார்கள். எல்லோராவின் கைலாசத்துக்கு இந்த விருபாட்சர் கோயில் ஒரு முன்மாதிரி என்று கலை வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்வார்கள். ஈர்ப்பு என்றால் அது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொன்று. விருபாட்சர் கோயில் கல்வெட்டுகள், அதைக் கட்டிய சூத்திரதாரியின் பெயரைச் சொல்கின்றன: குண்டன். அவனுக்கு அரசன் பட்டம் கட்டிக் கௌரவித்த செய்தியும் கல்லில் இருக்கிறது. சர்வசித்தி ஆசாரி என்று இன்னொருவனையும் தென்திசைச் சூத்திரதாரி என்று புகழ்கிறது ஒரு கல்வெட்டு.

யோசித்துப் பாருங்கள். எட்டாம் நூற்றாண்டு. ராணியின் கோயில், ராஜாவின் வெற்றி. அதிலும் கையால் வேலை செய்தவனின் பெயருக்கு இடம் இருந்திருக்கிறது. கைலாசநாதர் சுவர்களே பெயர்களால் நிறைந்தவைதான். இராஜசிம்மனின் நூற்றுக்கணக்கான விருதுப் பெயர்கள் சிற்றாலய வரிசை நெடுக, ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்து வடிவங்களில் திரும்பத் திரும்ப வெட்டப்பட்டிருக்கின்றன. முன்வரிசைச் சிற்றாலயம் ஒன்றில் ராணி ரங்கபதாகையின் பெயர் இருக்கிறது. இவ்வளவு பெயர் சொல்லும் கட்டடத்திலிருந்து உத்வேகம் பெற்றோம் என்கிறவர்கள் போடும் பட்டியலில் புடவையை நெய்தவர் பெயர் மட்டும் இல்லை.

பட்டியலில் இல்லாதவர்

நான் சேமித்த படங்களின் நன்றிப் பட்டியல்களில் மேக்கப் இருக்கிறது, கூந்தல் இருக்கிறது, பூ இருக்கிறது, மெஹந்தி இருக்கிறது, ட்ரோன் இருக்கிறது. புடவை என்ற வரிக்கு எதிரே எப்போதும் கடை. ஒரே ஒரு படத்தில்கூட நெசவாளி இல்லை. கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள் இருக்கும்போது!

பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பழக்கமான ஒரு நெசவாளியிடம் கேட்டேன், "அண்ணே, நீங்க நெய்த புடவையை யாராவது கட்டிப் படம் எடுத்துப் பார்த்திருக்கீங்களா?"

"கடைக்குப் போயிட்டா அது கடைப் புடவை தம்பி. கரையைப் பார்த்தா நம்ம தறின்னு எனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியணும்?"

கசப்பாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

ஒரு கோர்வைப் புடவை எப்படி வருகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனியே ஒவ்வொன்று. ஒவ்வொரு ஊடையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். ஒருவரால் முடியாது, பக்கத்தில் உதவிக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். பெரும்பாலும் வீட்டு ஆள்தான். முந்தானை நிறம் மாறும் இடத்தில் பாவு நூல்களையே ஒவ்வொன்றாக இணைக்கும் வேலை தனி. அதைப் பிட்னி என்பார்கள். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு புடவை முடிய 15 நாளோ 20 நாளோ, அதற்கு மேலோ ஆகும். பட்டியலில் பெயர் வாங்கும் மற்ற எல்லாருடைய வேலையும் ஒரே நாள்.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஊர்ப் பெயருக்குக் காப்பு இருக்கிறது, ஆள் பெயருக்கு இல்லை. நெசவாளிகளின் பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். மாதச் சம்பளம்தான் முதல் காரணம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் யாருக்கும் தெரியாத வேலை என்பதும் ஒரு காரணம்தானே? ஒரு புகைப்படம் கூலியை உயர்த்தாது. பெயரை மட்டும்தான் தர முடியும். அதையாவது தரலாமே.

"நெசவாளி யாருன்னு எங்களுக்கு எப்படித் தெரியும், கடைதானே புடவை தருது" என்பது வழக்கமான பதில். நியாயமான கேள்விதான், ஆனால் பதில் இருக்கிறது. கோ-ஆப்டெக்ஸ் தன் புடவைகள் சிலவற்றில் நெய்தவரின் படமும் பெயரும் போட்ட அட்டையை இணைத்திருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கினால் எந்த உறுப்பினர் நெய்தது என்று கணக்கிலேயே இருக்கும். "எம்.எஸ். புளூ" என்ற நிறம் எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் நிலைத்தது. அதைச் செய்து தந்த காஞ்சிபுரம் முத்து செட்டியாரின் பெயரும் கூடவே இன்றுவரை சொல்லப்படுகிறது. கேட்டால் கிடைக்கும். கேட்பதில்லை.

அப்படியானால் எப்படி எடுக்கலாம்

விமர்சனம் மட்டும் சொல்லிவிட்டுப் போவது சுலபம் என்பதால், ஒரு ஷூட்டை நான் திட்டமிட்டால் எப்படிச் செய்வேன் என்றும் எழுதிவிடுகிறேன்.

கோயிலுக்குள் போகாமலே எடுப்பேன். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். ஸ்டாண்டு, விளக்குகள் வைத்து எடுக்க முன்அனுமதி வேண்டும். அனுமதியைவிடப் பெரிய காரணம் கல். மணற்கல் தேய்கிற கல். சிங்கத்தின் மீது சாய்வது, சிற்றாலயத்துக்குள் ஏறி உட்காருவது, ஓவிய மிச்சம் இருக்கும் இடத்தில் புகை போடுவது எல்லாம் ஒரு படத்துக்காகச் செய்யத் தக்கவை இல்லை. குழு முழுக்க ஒரு காலையும் ஒரு மாலையும் அங்கே வெறும் கையோடு போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று, நெருக்கம். அதற்கு நிகரான இடம் பக்கத்திலேயே இருக்கிறது: குழித்தறி போட்ட அறை. குறுகலானது, ஜன்னல் வழியாகவோ கூரைக் கண்ணாடி வழியாகவோ ஒரே பக்கத்து வெளிச்சம். பாவு நீள நீளமாக ஆழத்துக்கு ஓடும். வீட்டுக்காரர் சம்மதித்து, தறி நிற்கும் நேரத்துக்கான கூலியைக் கொடுத்து எடுத்தால் எந்த செட்டும் இதற்கு ஈடாகாது.

இரண்டு, வரிசை. 58 சிற்றாலயங்களின் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு புடவையில் ஏற்கெனவே இருக்கிறது. கடையில் "டெம்பிள் பார்டர்" என்று விற்கும் முக்கோண வரிசைக்குத் தாழம்பூ ரேக்கு என்றும் பெயர் உண்டு, தாழை மடலின் விளிம்பு மாதிரி. பின்னால் விமானத்தை வைப்பதற்குப் பதில் கரையை அருகில் போய் எடுங்கள். கோயில் அங்கே வந்துவிடும்.

மூன்று, வண்ணம். ஓவியத் துணுக்குகளில் தெரியும் காவி, மஞ்சள், வெள்ளை, கறுப்பு, பச்சை போதும். ஐந்தே நிறம். பூவும் பத்திரிகையும் அதற்குள் அடங்கட்டும்.

மாடலோடு நெசவாளியையும் நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமா? எனக்கு அதில் தயக்கம் உண்டு. பார்க்கின்சன் படத்து யானைப்பாகன் இடத்தில் நெசவாளியை நிறுத்தினால் பிரச்சினை தீரவில்லை, இடம்தான் மாறியது. ஃபிரேமில் வருவதும் வராததும் அவர் விருப்பம். பெயர் மட்டும் விருப்பத்துக்கு விடக்கூடாத விஷயம் என்பேன். அவரே வேண்டாம் என்றால் தவிர.

பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படம் நெசவாளியின் கையையும் முகத்தையும் மையத்தில் வைத்தது. தேசிய விருதும் வாங்கியது. அதைப் பார்த்து அழுத நம்மில் பலர்தான் அடுத்த மாதம் கல்யாண ஆல்பத்துக்குப் "பல்லவ தீம்" கேட்கிறோம். கேளுங்கள், தப்பே இல்லை. கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கள்: இந்தப் புடவையை நெய்தது யார்? பதில் வரும்வரை பட்டியல் முடியவில்லை என்று அர்த்தம்.

அப்படிப் பெயர் போட்டு எடுத்த படங்கள் உங்கள் கண்ணில் பட்டிருந்தால் எனக்கும் சொல்லுங்கள். அவற்றைத் தனியாகச் சேமிக்க ஒரு ஃபோல்டர் திறந்து வைத்திருக்கிறேன். இப்போதைக்குக் காலியாக இருக்கிறது.